வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

ஊர்ப் பக்கம் ஒரு குவாரியோ துறைமுகமோ வருகிறது என்றால், ஒரு மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். மேசைமேல் தலையணைத் தடிமனில் ஓர் அறிக்கை இருக்கும். பெயர், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் பழகிய சொல்தான். அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஜெர்மனியின் வெள்ளிச் சுரங்கம், பர்மாவின் யானை, அமெரிக்கக் காட்டின்மேல் பறந்த ஹெலிகாப்டர் என்று வழி நீள்கிறது. எந்த ஊரில் இறங்கினாலும் அங்கே ஒரு காடு இருக்கிறது.

முதல் ஊர், சாக்சனி நாட்டின் ஃப்ரைபெர்க். அங்கே வெள்ளி உருக்கக் கரி வேண்டும், சுரங்கம் சரியாமல் முட்டுக் கொடுக்க மரம் வேண்டும். சுற்றுவட்டாரக் காடுகள் கரைந்துகொண்டிருந்தன. சுரங்க நிர்வாகியான ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், மரம் தீர்ந்தால் வெள்ளியும் நின்றுவிடும் என்று அஞ்சினார். வளரும் அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று 1713-இல் ஒரு புத்தகம் எழுதினார். இன்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லப்படும் ‘நீடித்த பயன்பாடு’ என்ற கருத்து, வெள்ளிக் கணக்குப் பார்த்த ஒரு சுரங்கக்காரரின் கவலையில் பிறந்தது.

அந்தக் கருத்து கப்பலேறி ஆசியாவுக்கு வந்தது. கப்பல் கட்டத் தேக்கு தேடிய ஆங்கிலேயர், பர்மாவின் பெகு காடுகளைக் கவனிக்க 1856-இல் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரை அமர்த்தினர். எத்தனை தேக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடைமழையில் காகிதம் ஊறிப்போகும். பிராண்டிஸ் யானைமேல் உட்கார்ந்து, இடக்கையில் நான்கு மூங்கில் குச்சிகளையும் வலக்கையில் பேனாக்கத்தியையும் பிடித்துக்கொண்டார். பருமனுக்கு ஒரு குச்சி. பாதையோரம் தேக்கு தென்பட்டால், அதன் பருமனுக்குரிய குச்சியில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணினால் அன்றைய காட்டின் கணக்கு கையில் வந்துவிடும். 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார். காட்டுக்குச் செயல் திட்டம் எழுதி, அதன்படியே வெட்டும் வழக்கம் அவர் காலத்தில் வேரூன்றியது. தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கும் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டமும் அந்தக் காலகட்டத்துப் பிள்ளைதான்.

பிராண்டிஸ் ஓய்வுபெற்று பான் நகரில் இருந்தபோது ஓர் அமெரிக்க இளைஞர் அவரைத் தேடிவந்தார். பெயர் கிஃபோர்ட் பின்ஷோ. அப்போது அமெரிக்காவில் காட்டியல் படிக்கக் கல்லூரியே கிடையாது. பிராண்டிஸின் வழிகாட்டுதலில் பிரான்ஸில் படித்துத் திரும்பிய அவர், 1905-இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். பர்மாவில் மூங்கில் குச்சி பிடித்த கை, இப்படி அமெரிக்காவின் பொதுக்காடுகள்வரை நீண்டது. ஆனால் அந்தக் குச்சியில் தேக்குக்கு மட்டுமே வெட்டு விழுந்தது. அடியில் வளர்ந்த செடிக்கும் கொடிக்கும் இடமில்லை. அந்தக் குறையும் கூடவே பயணம் செய்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீடு கட்ட மரம் தேவைப்பட்டது. பொதுக்காடுகளில் ஏக்கர் ஏக்கராக மொட்டையடித்தார்கள். மேற்கு வர்ஜீனியாவின் மொனொங்கஹேலா காட்டில் முதலில் குரல் கொடுத்தவர்கள் வான்கோழி வேட்டைக்காரர்கள்! தங்கள் வேட்டைக்காடு மொட்டையானதைப் பார்த்துக் கொதித்தார்கள். வழக்கு வளர்ந்து, 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படி வெட்டியது சட்டவிரோதம் என்றது.

அதற்குள் வாஷிங்டனில் வேறொரு விதை ஊன்றப்பட்டிருந்தது. 1969-இல் செனட்டர் ஹென்றி ஜாக்சன் ஒரு சுற்றுச்சூழல் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசியல் அறிவியல் பேராசிரியர் லிண்டன் கால்டுவெல் சாட்சியத்தில் ஒன்றை வலியுறுத்தினார்: நல்ல எண்ணத்தை எழுதிவைத்தால் போதாது, அதிகாரிகளைச் செய்யவைக்கும் பிடி வேண்டும். அந்தப் பிடிதான் தாக்க அறிக்கை. எந்தப் பெரிய அரசு வேலைக்கும் முன்னால் விளைவு என்ன, மாற்று வழி என்ன என்று எழுதியாக வேண்டும். 1970 ஜனவரி 1 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். சட்டமே சில பக்கங்கள்தான். ஆனால் 1971-இல் ஓர் அணுமின் நிலைய வழக்கில், இது சடங்கு அல்ல, கட்டாயக் கடமை என்று நீதிமன்றம் சொன்னதும் அறிக்கைகள் கொழுக்கத் தொடங்கின.

இந்தப் பிடி காட்டுச் செடியின்மேல் விழுந்த கதை ஓரிகன் மாநிலத்தில் நடந்தது. அங்கே மொட்டையடித்த மலையில் டக்ளஸ் ஃபிர் நாற்று நடுவார்கள். அதற்குமுன் ஆல்டர் மரமும் புதரும் முந்திக்கொண்டு முளைக்கும். அவற்றைக் கருக்க ஹெலிகாப்டரில் களைக்கொல்லி தெளித்தார்கள். அதில் இருந்த 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டும் சேர்ந்ததுதான் வியட்நாம் காடுகளின்மேல் கொட்டிய ‘ஏஜென்ட் ஆரஞ்சு’. ஆல்சி என்ற சிற்றூரின் பெண்கள் தங்கள் கருச்சிதைவுகளையும் தெளிப்பு நாட்களையும் ஒப்பிட்டு 1978-இல் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். மறு ஆண்டே காடுகளில் 2,4,5-டி தெளிப்பதை அரசு அவசரமாக நிறுத்தியது. 1984-இல், விளைவுகளை முழுமையாக எழுதும்வரை ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் கூட்டரசுக் காடுகளில் களைக்கொல்லியே கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது.

வனத்துறை உட்கார்ந்து எழுதி, 1988-இல் அறிக்கையை வெளியிட்டது. கையால் வெட்டுவது, இயந்திரம், கால்நடை மேய்ச்சல் போன்ற உயிர்வழி முறை, கட்டுப்படுத்திய தீ, களைக்கொல்லி என ஒவ்வொரு முறையையும் தராசில் வைத்தது. இத்தகைய அறிக்கைகளில் ‘புதிதாக ஒன்றும் செய்யாமல் விட்டால்?’ என்ற வரிசையும் கட்டாயம் உண்டு. என் கணிப்பில் முழு அறிக்கையின் உயிர் அந்த ஒரு வரிசையில்தான் இருக்கிறது. ‘களை’ என்று கருக்கிய ஆல்டர், காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் மரம். அதைச் சும்மா விட்டாலே காட்டுக்கு உரம் கிடைக்கும்.

சட்டம் உலகம் சுற்றியது. கனடா 1973, ஆஸ்திரேலியா 1974, பிரான்ஸ் 1976, ஐரோப்பியச் சமூகம் 1985 என வரிசையாகப் படியெடுத்தன. 1992 ரியோ மாநாடு அதை உலக நெறியாக்கியது. உருகுவே ஆற்றங்கரைக் காகிதக்கூழ் ஆலை வழக்கில், நாட்டு எல்லை தாண்டிப் பாதிக்கக்கூடிய வேலைக்கு இத்தகைய மதிப்பீடு பொதுச் சர்வதேசச் சட்டத்தின் கடமை என்று 2010-இல் சர்வதேச நீதிமன்றமே சொன்னது.

இந்தியாவில் 1994-இல் கட்டாயமானது. 2006-இல் புதிய அறிவிக்கை வந்தது. கூடவே நகலெடுப்பும் வந்தது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், பறவைகளின் வாழிடம் ஸ்ப்ரூஸ், பிர்ச் மரக் காடுகள் என்று இருந்தது. கொங்கண் கரையில் ஏது பிர்ச்? ரஷ்யச் சுரங்க அறிக்கை ஒன்றை அப்படியே இறக்கியிருந்தார்கள்.

பயணம் இன்னும் வந்துசேராத ஊர் நம் காடுதான். 2006 அறிவிக்கையின் பட்டியலில் சுரங்கம், அணை, அனல்மின் நிலையம் எல்லாம் உண்டு. காட்டில் செடி அகற்றும் வேலை இல்லை. அதற்கு இன்றும் பிராண்டிஸ் கால வழக்கப்படி வனத்துறை எழுதும் திட்டம்தான். முதுமலையில் உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும் புல்வெளியை மூடிவிட்டன. மானுக்கும் யானைக்கும் மேய்ச்சல் குறைந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களுக்கென ஒரு கொள்கை வகுத்து அவற்றை அகற்றி வருகிறது. அந்த வேலை அவசியமானது, வரவேற்கிறேன். ஆனால் பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கு எது முளைக்கும், இயந்திரம் கிளறிய மண் என்னாகும், எந்தச் சரிவில் கை வைக்காமல் இருப்பது மேல் என்பதையெல்லாம் வேலைக்கு முன்பே எழுத வேண்டும். எழுதியதைத் தமிழில் அச்சிட்டு, அந்தக் காட்டிலேயே வாழும் பழங்குடி மக்களிடம் வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும்.

உங்கள் ஊரில் கருத்துக்கேட்பு நடந்தால் அவசியம் போங்கள். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி, கேட்டு வாங்குங்கள். மாற்று வழிகள் பற்றிய பகுதியை முதலில் புரட்டுங்கள். அது வெறுமையாக இருந்தால், எழுந்து நின்று அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.