கிடைத்த கல்லூரியா, நினைத்த கல்லூரியா? – சிவகாசியிலிருந்து பார்த்தால் கலந்தாய்வின் கதை

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் ஒரு மாணவருக்குத் தற்காலிகமாக ஓர் இடம் ஒதுக்கப்பட்டதும் கணினித் திரையில் சில தெரிவுகள் வரும். 'இதுவே போதும், சேர்கிறேன்' என்பது ஒன்று. 'இதைப் பிடித்து வையுங்கள், என் பட்டியலில் இதற்கு மேலே இருப்பது ஏதாவது காலியானால் அங்கே மாற்றுங்கள்' என்பது இன்னொன்று. 'இது வேண்டாம், மேலே இருப்பது கிடைத்தால் மட்டும் வருகிறேன்' என்பது மூன்றாவது. அடுத்த சுற்றுக்குப் போகலாம், ஒரேயடியாக விலகியும் விடலாம். யோசிக்க இரண்டே நாள்.

சுற்றி வளைத்துக் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். கிடைத்த கல்லூரிதான் நீ உண்மையில் ஆசைப்பட்ட கல்லூரியா?

பதினேழு வயதுப் பிள்ளையிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்பதே சமீபத்திய பழக்கம்தான். அது எப்படி வந்தது என்று பார்க்க விருதுநகர், சிவகாசி பக்கம் நல்ல இடம். பல ஆண்டுகள் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்தில் முதலிடத்தை விடாமல் வைத்திருந்த மாவட்டம் அது. மார்க் வாங்குவது அந்த ஊருக்குப் பழகிப் போன விஷயம். வாங்கிய மார்க்கை வைத்து எங்கே போவது என்பதுதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1947-க்கு முன்பு விருதுநகரில் கல்லூரி கிடையாது. வசதியுள்ள வீட்டுப் பையன் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கோ பாளையங்கோட்டைக்கோ போவான். மற்றவன் கடைக்குப் போவான். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 1947-இல் விருதுநகர் இந்து நாடார்கள் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுக் காரியத்துக்கு என்று எடுத்து வைக்கும் 'மகமை' என்ற பழக்கம் அந்த ஊரில் பள்ளிக்கூடங்களைக் கட்டியது. அந்தப் பழக்கத்தின் அடுத்த படி என்று இந்தக் கல்லூரியைச் சொல்லலாம்.

சிவகாசிக்குக் கல்லூரி வந்த கதையில் தீப்பெட்டி வாசனை உண்டு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த அய்ய நாடாரின் பெயரில்தான் 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி தொடங்கியது. 1968-இல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி. பட்டாசுக் கம்பெனியின் பெயரைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் கல்லூரி வேறெங்கே இருக்கிறது! விருதுநகரில் அதற்கு முன்பே, 1962-இல், வி.வி. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி வந்துவிட்டது.

இந்த இரண்டு பெண்கள் கல்லூரிகளைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. அன்றைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு முன்னால் இருந்த கேள்வி 'எந்தக் கல்லூரி' என்பது அல்ல. 'கல்லூரியா, கல்யாணமா' என்பதுதான். காலையில் பஸ் ஏறிச் சாயங்காலம் வீடு திரும்பும் தூரத்தில், பெண்கள் மட்டும் படிக்கும் இடம் ஒன்று வந்தபோது 'கல்லூரி' என்ற பதிலுக்கு வழி பிறந்தது. அதுதான் அவளுடைய முதல் விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று இருக்கும்போது அதை வரிசைப்படுத்த என்ன இருக்கிறது?

தேர்ந்தெடுக்க நாலைந்து இருக்கும் காலம் 1984-இல் தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்த ஆண்டு அது. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம், பக்கத்து மாவட்டத்தில் கோவில்பட்டி நேஷனல் – மூன்றும் அந்த ஆண்டில் பிறந்தவை. (மெப்கோ என்பது மெட்டல் பவுடர் கம்பெனியின் சுருக்கம். அலுமினியத் தூள் இல்லாமல் மத்தாப்பூ ஏது? இங்கேயும் பட்டாசு எட்டிப் பார்க்கிறது.) 1998-இல் விருதுநகர் அருகே காமராஜ் பொறியியல் கல்லூரியும் சேர்ந்துகொண்டது.

தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்ததும் அதே 1984-இல்தான். இன்னொன்றும் கூடவே வந்தது: டொனேஷன். எந்தக் கல்லூரியில் சேருவது என்பதை மார்க்கோடு சேர்ந்து அப்பாவின் பணப்பெட்டியும் முடிவு செய்த காலம். 1992-இல் தமிழ்நாட்டில் நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் வந்தது. 1993-இல் உன்னி கிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் தொழிற்கல்லூரி இடங்களில் பாதியை 'இலவச இடம்' என்றும் மீதியைக் 'கட்டண இடம்' என்றும் பிரித்து, இரண்டையுமே தகுதி அடிப்படையில் நிரப்பச் சொன்னது. அந்த ஏற்பாடு 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் போய்விட்டது. அந்தச் சட்டக் கதை தனி. இங்கே வேண்டியது 1997. அந்த ஆண்டு முதல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வை நடத்த ஆரம்பித்தது.

அந்தக் கால கவுன்சலிங் ஒரு திருவிழா மாதிரி. சிவகாசியிலிருந்து சென்னைக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம். ராத்திரி முழுக்கப் பயணம், காலையில் கிண்டி. கையில் 5000 ரூபாய்க்கு டி.டி. (தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு 1000.) மடியில் கல்லூரிகளின் கோடு எண்கள் அச்சடித்த புத்தகம், அதில் பேனாவால் போட்ட வட்டங்கள். ஹாலில் பெரிய திரை. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் பாக்கி என்று ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் இருப்பவர்கள் எடுக்க எடுக்க எண்கள் குறையும். மெப்கோவில் எலெக்ட்ரானிக்ஸ் 3 என்று இருந்தது, இவர்கள் முறை வருவதற்குள் 0 ஆகிவிடும். ஊரில் ஒரு மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கெல்லாம் அந்தத் திரையின் முன்னால் பத்து நிமிடத்தில் மாறிப்போகும். உள்ளே போனால் கணினி முன் சில நிமிடம். கல்லூரியைச் சொல்ல வேண்டியதுதான், கையில் ஒதுக்கீட்டுக் கடிதம்.

சும்மா சொல்லக்கூடாது, இந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து, மிச்சமிருப்பதில் பிடித்ததை எடுத்துக்கொள்வது. எதையும் ஊகிக்க வேண்டாம், யாரையும் ஏய்க்க வேண்டாம். கண் முன்னால் காலி இடம் தெரிகிறது. ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி 'இருப்பதில் எது' என்பது மட்டும்தான். ஒருவர் எடுத்துவிட்டுப் போன பிறகு மேலே ஓர் இடம் காலியானால் அது தானாக அவருக்கு வந்து சேர வழியில்லை. மருத்துவம் கிடைத்து ஒருவர் கிளம்பினால், அவர் விட்டுப்போன நல்ல இடத்துக்குக் கீழே அதற்காக ஏங்கியவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் ஏற்கனவே வேறெங்கோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006-இல் நிறைவேறியது, கட்-ஆஃப் 300-லிருந்து 200 ஆனது. 2018-இல் ஹாலே போய்விட்டது. கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. இப்போது காலி இடத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. முதலில் விருப்பப் பட்டியலைப் போட வேண்டும், எத்தனை வேண்டுமானாலும். கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவர் பட்டியலையும் மேலிருந்து கீழே பார்த்து, முதலில் காலியாக இருப்பதைக் கொடுக்கும். கலந்தாய்வில் மாணவரிடம் 'உன் முதல் விருப்பம் எது' என்று நேராகக் கேட்டது இங்கேதான்.

உடனே ஒரு பயமும் பிறந்தது. 'கிண்டியை முதலில் போட்டால் கிடைக்காது, அதற்குள் மெப்கோவும் போய்விடும். மெப்கோவையே முதலில் போடு' என்ற அறிவுரை. இது தவறு. ஆனால் முட்டாள்தனமான பயம் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஒரு பள்ளியை முதலாவதாக எழுதியவர்களுக்கே முதலில் இடம். முதல் பள்ளி கிடைக்காமல் இரண்டாவதுக்கு வந்தால் அது நிரம்பியிருக்கும். கிடைக்கக்கூடியதை மேலே எழுதி, ஆசைப்பட்டதை மறைப்பதே அங்கே புத்திசாலித்தனம். 2005-இல் பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டது. அதற்கு மாற்றாக வந்த வழியின் வேர் 1962-இல் கேல், ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் ஒரே கணக்கில் போட்ட கட்டுரை! ஷாப்லிக்கும், அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டு முறை பாஸ்டன் போன்றது அல்ல. இங்கே முதலில் பார்க்கப்படுவது ரேங்க். கிண்டியை முதலாவதாகவும் மெப்கோவை ஐந்தாவதாகவும் எழுதிய மாணவி, அதே மெப்கோவை முதலாவதாக எழுதிய, தனக்குப் பின்னால் ரேங்க் உள்ள பையனிடம் அந்த இடத்தை இழக்க மாட்டாள். எட்டாததை மேலே எழுதுவதால் ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. 'மேலே காலியானால் மாற்றுங்கள்' என்ற அந்த இரண்டாவது தெரிவில். சாத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று தூரத்து ஊர்க் கல்லூரி ஒன்றை மெப்கோவுக்கு மேலே எழுதி வைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் மனதில் மெப்கோதான். மெப்கோ கிடைத்தது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று அந்தத் தெரிவையும் அழுத்திவிட்டாள். தூரத்து ஊரில் யாரோ விலகினார்கள். கணினி அவளை அங்கே மாற்றிவிட்டது. மெப்கோ இடம் போனது போனதுதான், அது இந்நேரம் வேறொருவர் பெயரில் இருக்கும். கணினிக்கு அவள் மனது தெரியாது, அவள் எழுதிய வரிசைதான் தெரியும். பட்டியல் உண்மையாக இல்லாவிட்டால், சொன்னதைக் கேட்கும் கணினியே எதிரி.

சரி, பட்டியலை உண்மையாக எழுதிவிட்டால் முடிந்ததா? பட்டாசுப் பகுதியில் அவ்வளவு எளிதில்லை. இணையக் கலந்தாய்வு தொடங்கிய அதே 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. நவம்பரில் சிவகாசி ஆலைகள் மூடப்பட்டன, மாதக்கணக்கில் திறக்கவில்லை. ஆகஸ்டில் விருப்பப் பட்டியல் போட்ட குடும்பம், முதல் செமஸ்டர் முடிவதற்குள் கூலி இல்லாமல் உட்கார்ந்தது. பீஸ் ரேட் கூலியில் ஓடும் வீட்டில் 'முதல் விருப்பம்' என்றால் அதற்குள் பஸ் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அடங்கித்தான் இருக்கும். அதை ஆசையின் குறைபாடு என்று சொல்வது நியாயமில்லை.

இன்னொரு நெருக்கடி கலந்தாய்வுக்கு வெளியே இருந்து வரும். சில தனியார் நிறுவனங்கள் ரிசல்ட் வரும் முன்பே சேர்க்கைக் கடிதம் கொடுத்து முன்பணம் கேட்கும். கட்டிய பிறகு கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தால், 'கட்டிய பணம் போய்விடுமே' என்று அங்கேயே நின்றுவிடும் குடும்பங்கள் உண்டு. திரும்ப வராத செலவை அடுத்த முடிவின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது வணிகவியலில் பாலபாடம். அதிலும் இது பெரும்பாலும் திரும்ப வரக்கூடிய பணம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2007-இலேயே சொல்லிவிட்டது. 2018 அக்டோபர் அறிவிப்பில் கணக்கையும் தெளிவாக்கியது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் சிறு பிடித்தம் போக முழுக் கட்டணம், அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பின் 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. டி.சி.யைக் கேட்கப் போகும் அப்பாவின் சட்டைப் பையில் இந்த எண்கள் இருப்பது நல்லது.

2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. தீப்பெட்டி ஒட்டும் வீட்டுப் பிள்ளையின் பட்டியலில் கிண்டி மேலே ஏறுவதற்குப் பணம் அளவில் இருந்த தடை பெருமளவு விலகியது. வீட்டில் அனுப்புவார்களா என்ற தடை மிச்சம் இருக்கிறது. அதற்கு அரசாணை போட முடியாது.

2022-இல் இன்னொரு மாற்றம். ஒதுக்கிய இடத்தை உறுதி செய்தவர் குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மேலே போகக் காத்திருப்பவர் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் இடம் காலி என்று கணக்கு. பழைய ஹாலில் ஒருவர் விட்டுப்போன இடம் அப்படியே கிடக்கும். இப்போது கோடு எண் 4960-ஐ, அதாவது மெப்கோவை, விட்டு ஒருவர் மேலே போனால், அதே சுற்றில் அவருக்குப் பின்னால் ரேங்க் உள்ள, தன் பட்டியலில் 4960-ஐ மேலே எழுதிக் காத்திருக்கும் இன்னொருவருக்கு அந்த இடம் போகிறது.