குட்டைக் கால்களின் சரித்திரம்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து சேலம் பக்கம் போகும் சாலையும் சந்திக்கிற இடம் வேப்பூர். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடும் ஆட்டுச் சந்தை சுற்றுவட்டாரத்தில் பிரசித்தமானது. அந்தச் சந்தையில் ஆடு வாங்குகிறவரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டுவார். நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். வளர்ப்புக்குப் பெட்டை என்றால், "எத்தனை ஈத்து?" என்று கேட்காமல் மடியிலிருந்து காசை எடுக்க மாட்டார்.

இதே மனிதருக்குப் பேத்தியின் பிடிவாதத்தால் ஒரு நாய்க்குட்டி வாங்க நேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சினிமாவிலும் விளம்பரத்திலும் வருகிற, நீளமான உடம்பும் நாலு விரற்கடைக் காலுமாக இருக்கும் 'டாக்ஷண்ட்' குட்டி. அதிலும் 'மினியேச்சர்' என்கிற சிறிய ஜாதி. கைப்பேசியில் ஒரு படம் வருகிறது. பணம் போகிறது. மறுநாள் விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, பஸ்ஸிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை வாங்கிக்கொள்கிறார். தாய் நாயை அவர் பார்க்கவில்லை. எத்தனை ஈத்து என்று கேட்கவில்லை. முதுகை மட்டும் நிச்சயமாகத் தடவிப் பார்க்கவில்லை. டாக்ஷண்ட் விஷயத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது முதுகைத்தான்! அது ஏன் என்பதற்கு இந்த நாயின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கும்; முழுவதும் வேடிக்கை அல்ல.

ஜெர்மன் பாஷையில் 'டாக்ஸ்' என்பது மண்ணில் வளை தோண்டி வாழும் பாட்ஜர் என்ற முரட்டுப் பிராணி. 'ஹுண்ட்' என்றால் நாய். வளைக்குள் தலையைக் கொடுத்து நுழைந்து, இருட்டிலே அந்தப் பிராணியை எதிர்த்து நின்று, மேலே நிற்கும் வேட்டைக்காரனுக்குக் கேட்கும்படி குரைப்பதுதான் இந்த நாயின் உத்தியோகம். அதற்குக் குட்டைக் கால் வேண்டும். நீண்ட உடல் வேண்டும். அகன்ற மார்பும் பெரிய குரலும் வேண்டும். எஜமானன் அருகில் இல்லாத இடத்தில் தானாகவே முடிவு செய்கிற பிடிவாதமும் வேண்டும். 'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்று இன்று டாக்ஷண்ட் வளர்க்கிறவர்கள் முறையிடுகிறார்களே, அந்தக் குணம் வேண்டுமென்றே வளர்க்கப்பட்டது. நம் வரப்புகளில் பெருச்சாளி வளை கிடைத்தால் இந்தச் சிறு ஐயா என்ன செய்வார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். வளைக்குள் பாம்பும் இருக்கக்கூடும் என்பது ஜெர்மனியில் வகுத்த திட்டத்தில் இல்லாத சங்கதி!

முயல் வளை இன்னும் குறுகலானது. அதற்காக இன்னும் சின்ன நாயை உண்டாக்கினார்கள். ஜெர்மானியர்கள் இதை எடை போட்டுப் பிரிப்பதில்லை. மார்பைச் சுற்றி நாடா வைத்து அளக்கிறார்கள். வளைக்குள் நுழைய வேண்டியது மார்புதானே? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தராசு. அங்கே மினியேச்சர் என்றால் ஏறக்குறைய 5 கிலோவுக்குள். இரண்டு கணக்கும் வளர்ந்த நாய்க்கு உரியவை. ஆறு வாரக் குட்டியைக் காட்டி, "அசல் மினியேச்சர், சார்!" என்று ஒருவர் சத்தியம் செய்தால், தாய் தகப்பனைப் பார்க்காமல் அந்தச் சத்தியத்துக்கு மதிப்பில்லை.

1881-ல் இங்கிலாந்திலும் 1888-ல் ஜெர்மனியிலும் இந்த நாய்க்கென்றே சங்கங்கள் ஏற்பட்டன. விக்டோரியா மகாராணியின் அரண்மனையிலும் டாக்ஷண்ட் செல்லமாக வளர்ந்தது. பிறகு 1914-ல் யுத்தம் மூண்டது. ஜெர்மானியர் மீது வந்த கோபத்தை ஆங்கிலேயர்கள் இந்த நாயின் மேலும் காட்டினார்கள். தம் ஊர்க் கடைவீதியில் ஒரு டாக்ஷண்டைக் கல்லால் அடித்ததைப் பற்றி நாவலாசிரியர் கிரகாம் கிரீன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் கல்லுக்குப் பதிலாகப் பெயரை மாற்றி, 'சுதந்திரக் குட்டி' என்று ஞானஸ்நானம் செய்துவைத்தார்கள். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக் பந்தயத்துக்கு 'வால்டி' என்ற டாக்ஷண்டே சின்னம் ஆயிற்று. மாரத்தான் ஓட்டப் பாதையைக்கூட அதன் உருவத்தில் வகுத்தார்களாம். நாலு விரற்கடைக் காலுக்கு இருபத்தாறு மைல் மரியாதை!

பெயரும் புகழும் இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்க, உடம்புக்குள்ளே வேறு ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. குட்டைக் கால் எங்கிருந்து வந்தது என்பதை 2009-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நாயின் மரபணுக்களில் ஒன்று தவறுதலாக இன்னொரு பிரதி எடுக்கப்பட்டு, வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குட்டைக் கால் ஜாதிகள் பலவற்றுக்கும் இந்த ஒரே பிசகுதான் மூலம். 2017-ல் இரண்டாவது பிரதி ஒன்று அகப்பட்டது. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் வட்டுகளை இளமையிலேயே இறுகச் செய்வது இது. இறுகிய வட்டு ஒருநாள் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. நேற்று வரை ஓடிய நாய் இன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வருகிறது. டாக்ஷண்டுகளில் ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரை வாழ்நாளில் இந்தத் துன்பத்துக்கு ஆளாகின்றன. வளைக்குள் நுழைய மனிதன் கொடுத்த உடம்புக்கு நாய் கட்டுகிற வரி இது. விருத்தாசலத்தில் அச்சில் வார்த்த பீங்கான் பொம்மை கோணலாகிப் போனால் ஒதுக்கிவிடலாம். இதை என்ன செய்வது?

அந்த இரண்டாவது பிரதி இல்லாத டாக்ஷண்டே அபூர்வம். ஆகையால் ஒரே நாளில் அதைக் களைந்துவிட வழியில்லை. ஆனால் பொறுப்புள்ளவர்கள் சும்மா இருக்கவில்லை. டென்மார்க், பின்லாந்து போன்ற தேசங்களில், நாய்க்கு இரண்டு வயதானதும் எக்ஸ்ரே எடுத்து, எத்தனை வட்டுகள் இறுகியிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கை மிகுந்தால் அந்த நாயிடம் குட்டி எடுப்பதில்லை. ஜெர்மனியிலேயே 2024-ல் ஒரு பரபரப்பு எழுந்தது. பிராணிகளைத் துன்புறுத்தும் உடலமைப்பைத் தடுக்க அரசாங்கம் தயாரித்த மசோதா, டாக்ஷண்டையே ஒழித்துவிடும் என்று நாய்ச் சங்கத்தார் கூக்குரலிட்டார்கள். எந்த ஜாதியையும் தடை செய்வது நோக்கமல்ல என்று அமைச்சகம் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

இது அந்நிய நாய்க்கு மட்டும் உள்ள சாபம் என்று நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். 2005-ல் தபால் தலையில் இடம்பெற்ற நம் ராஜபாளையம் நாய், பால்வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. அந்த ஜாதியில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் உண்டு. டாக்ஷண்டிலும் சாம்பல் திட்டுப் போட்ட 'டாப்பிள்' நிறத்துக்கு விலை அதிகம். அந்த நிறத்து நாய்கள் இரண்டை இணைத்தால் குருடும் செவிடுமாகக் குட்டி பிறக்க இடமுண்டு. அப்படிப் பிறந்தவற்றையும் 'அபூர்வ வெள்ளை' என்று சொல்லி விற்கிற தைரியசாலிகள் உலகில் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2017-ல் மத்திய சர்க்கார் நாய் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் விதிகள் வகுத்தது. குட்டி எடுப்பவர் மாநிலப் பிராணி நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறைய வேண்டும்; எட்டு வயதுக்கு மேல் கூடாது; ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. பார்த்தீர்களா, வேப்பூர்ச் சந்தைக்காரர் வாய்விட்டுக் கேட்கிற அதே கேள்வியைத்தான் சர்க்காரும் காகிதத்தில் எழுதிவைத்திருக்கிறது!

வீட்டிலேயே நாய் வளர்த்து, எப்போதாவது குட்டி எடுக்கிற நல்ல மனிதரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கிறார்கள். அவர் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். தாய் நாய் நடுக் கூடத்தில் நடமாடுகிறதா, அந்நியரைக் கண்டு பதுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தாய், தகப்பன், பாட்டி வரையில் யாருக்காவது முதுகு விழுந்ததுண்டா என்று கேட்க வேண்டும். 'எங்கள் வம்சத்தில் அந்தப் பேச்சே கிடையாது' என்று சட்டென்று சொல்லுகிறவரைவிட, 'இதன் சித்திக்கு ஏழு வயதில் வந்தது. அதோடு அந்தக் கிளையில் குட்டி எடுப்பதை நிறுத்திவிட்டோம்' என்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். தடுப்பூசிச் சீட்டும் ரசீதும் அவர் தாமாகவே கொடுப்பார்.

குட்டியைத் தூக்கும்போது ஒரு கையை மார்புக்குக் கீழும் இன்னொரு கையை இடுப்புக்குக் கீழும் கொடுக்கச் சொல்லிக் காட்டுவார். வயிறு பெருத்தால் முதுகுக்குப் பாரம் என்று தீனியின் அளவைச் சொல்லுவார். பிறகு அவர் முறை. கேள்வி கேட்டே நம்மைத் துளைத்துவிடுவார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? மாடிப்படி எத்தனை? கட்டிலின் மேல் ஏற விடுவீர்களா? குழந்தை முன்னங்காலைப் பிடித்துத் தூக்குமா? உங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் என்னிடமே திருப்பிக் கொண்டுவருவீர்களா?