திண்ணையில் ஓடும் மின்சாரம்

காரிமங்கலம் கடைத்தெருவில் அண்ணாந்து பார்த்தால், டிஷ் கிண்ணங்களிலிருந்து கறுப்புக் கம்பிகள் இறங்குவது தெரியும். கோ-ஆக்சியல் கேபிள் என்பார்கள். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, மெல்ல மெல்ல இந்தக் கம்பி நம் ஊர்களுக்குள் நுழைந்தது. இதன் சரித்திரத்தில் ஒரு தந்தி ஊழியர் வருகிறார் என்பதால் இதன்மேல் எனக்கு அலாதிப் பிரியம்.

அவர் ஆலிவர் ஹெவிசைட். 1850இல் லண்டனில் பிறந்தார். சிறு வயதுக் காய்ச்சலில் காது மந்தமாயிற்று. 16 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. தந்தி வேலையையும் 1874இல் விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே கணிதமும் மின்சாரமும் ஆராய்ந்தார்.

அந்நாளில் பக்கம் பக்கமாகச் சென்ற கம்பிகள் ஒன்றையொன்று ஒட்டுக் கேட்டன. டெலிபோனில் பேசுகிறவர் காதில் பக்கத்துத் தந்தியின் ஓசை விழும். 1880இல் ஹெவிசைட் ஓர் உபாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கம்பியைச் சுற்றி இன்னொன்றைக் குழாய்போல் போர்த்திவிடுவது. போகிற மின்சாரம் நடுவே, திரும்புகிறது உறையில். வீட்டுச் சமாசாரம் தெருவுக்குப் போகாது. தெருச் சமாசாரம் வீட்டுக்குள் வராது.

ஆனால் சுவருக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா? வேகமாக அதிரும் மின்சாரம் உலோகத்தின் மேல்தோலில்தான் ஓடும். இதை ஆராய்ந்தவர்களில் ஹெவிசைடும் ஒருவர். ஆகவே உறையின் உட்புறம் ஒரு பாதை. வெளிப்புறம் வேறொரு பாதை. ஆன்டெனாவில் கேபிள் முடிகிற இடத்தில் மின்சாரம் வெளிப்புறத்துக்கும் வழிகிறது. அது, கேளாமல் திண்ணையில் வந்து படுத்த வழிப்போக்கன். அமெச்சூர் வானொலிக்காரரின் மைக் உதட்டைச் சுடும். பக்கத்து வீட்டு வானொலி கரகரக்கும்.

விரட்டுவது எப்படி? உறையை வெட்டினால் உள்ளே ஓடும் நல்லதும் போய்விடும். கேபிளைச் சில சுற்றுச் சுருட்டி வைப்பது ஒரு வைத்தியம். இன்னொன்று ஃபெரைட் வளையம். இந்தக் கறுப்புக் காந்தப் பொருளை 1930இல் டோக்கியோவில் யோகொரோ காட்டோ, தாக்கேஷி தாக்கேய் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதைக் கேபிளில் கோத்துவிட்டால் போதும். உள்ளே போவதும் வருவதும் சம அளவு, எதிரெதிர்த் திசை; அவற்றின் காந்த விளைவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். வளையம் அவற்றை அறியவே அறியாது. வெளியே ஓடுவதற்கு ஜோடியில்லை. அதை மட்டும் வளையம் நெரித்துவிடும்.

ஹெவிசைட் 1925இல் காலமானார். நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்குப் பல பேச்சுகளை ஒரே கேபிளில் அனுப்பிய சோதனை 1936இல் நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஊரார் காதில் வேண்டாத ஓசை விழக்கூடாதென்று கவலைப்பட்டவர், தாம் பாதி செவிடு!