புளியும் ஓவல்டினும்

இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடந்து காட்டுப்பள்ளி வரை வடக்கே செல்லும் கடற்கரையில் இன்று மூன்று துறைமுகங்கள் உள்ளன. பழைய சென்னைத் துறைமுகம் ஒன்று. 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் மற்றொன்று. 2013-இல் திறக்கப்பட்ட காட்டுப்பள்ளித் துறைமுகம் மூன்றாவது. கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசை கட்டும் சாலைகள் இவை. கப்பலேறும் அப்பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அயல்நாட்டில் குடியேறும் தமிழரோ, அப்பளக் கட்டும் புளியும் சாம்பார்ப் பொடியும் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதைப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இதே கரையிலிருந்து புறப்பட்ட ஒருவருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அவர் கணித மேதை சீனிவாச இராமானுசன்.

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். மறு ஆண்டு சனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் 17 அன்று அதே துறைமுகத்திலிருந்து நெவாசா என்னும் கப்பலில் ஏறினார். புறப்படுமுன் குடுமி போயிற்று. வேட்டி போய்க் காற்சட்டை வந்தது. தாயும் மனைவியும் இக்கோலத்தைக் காணாதிருக்க முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டனர். கடல் கடப்பதே குற்றம் எனக் கருதிய வைணவ அந்தணக் குடும்பத்தில், இத்தனை விட்டுக்கொடுத்தல்களுக்குப் பின்னும் அவர் விடாது பற்றி நின்றது ஒன்றே: புலால் உண்ணாமை.

அன்றைய இங்கிலாந்தில் மரக்கறி உணவே கிடைக்கவில்லை என்று கொள்வது தவறு. அங்கே சைவ உணவாளர் சங்கம் 1847-லேயே தோன்றிவிட்டது. 1888-இல் சட்டம் படிக்கச் சென்ற காந்தி, பசியோடு தெருத்தெருவாக அலைந்து, பாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்து மகிழ்ந்த செய்தி அவருடைய சுயசரிதையில் உண்டு. ஆனால் காந்திக்கு அந்த உணவகம் ஒரு கொள்கையையும் நண்பர் கூட்டத்தையும் சேர்த்தே அளித்தது. அவர் அங்கு கிடைத்ததை உண்ணப் பழகினார். இராமானுசன் தேடியது வேறு. வேகவைத்த உருளைக்கிழங்கும் பாலும் பழமும் அவருக்கும் கிடைத்தன. புளிப்பும் காரமும் நல்லெண்ணெய் மணமும் கிடைக்கவில்லை.

எனவே சென்னையிலிருந்து அஞ்சல் பொதிகள் சென்றன. ஊரிலிருந்த நண்பருக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தில், ஏதேனும் அனுப்புவதானால் கொட்டை நீக்கிய நல்ல புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் அனுப்பும்படி கேட்கிறார். எண் கோட்பாட்டில் எவரும் கண்டிராத சமன்பாடுகளை எழுதிய அதே கை, கொட்டை நீக்கிய புளி என்று குறித்துக் கேட்கிறது. சமையல் அறிந்தவர்களுக்கே இக்குறிப்பின் நுட்பம் விளங்கும். கொட்டை இல்லாவிட்டால் பொதியின் எடை குறையும், கரைப்பதும் எளிது. மற்றொரு கடிதத்தில், நாவை அடக்கிவிட்டதாகவும், வெறும் சோறும் உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் எவ்வளவு காலமும் வாழ இயலும் என்றும் எழுதுகிறார். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, பின்னது உறுதிமொழி என்பதைவிட ஊராரின் கவலையைத் தணிக்கும் ஆறுதலாகவே நமக்குத் தோன்றுகிறது.

அவர் சென்று சேர்ந்த சில மாதங்களிலேயே உலகப் போர் மூண்டது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்தது. 1917-இல் நீர்மூழ்கிகளின் தாக்குதல் உச்சம் பெற்றபோது கடல்வழிச் சரக்குகள் அனைத்துமே ஐயத்துக்குரியவையாயின. ஒரு தனி மனிதனின் குழம்புச் சட்டி இவ்வாறு கடற்போரோடு பிணைக்கப்பட்டிருந்தது.

கல்லூரிச் சமையலறையை அவர் நம்பவில்லை. அங்கே பன்றிக் கொழுப்பு பயன்பாட்டில் இருந்ததே காரணம். தம் அறையிலேயே சமைத்தார். 1914 இறுதியில், எரிவாயு அடுப்பின் மேல் காய்கறியைக் கிளறிக்கொண்டே, மகலனோபிஸ் படித்துக் காட்டிய ஒரு பத்திரிகைப் புதிருக்குத் தொடர்பின்ன வடிவில் பொது விடையையே அவர் சொல்லிவிட்ட நிகழ்ச்சி புகழ்பெற்றது. அந்நிகழ்ச்சியில் வியப்போடு ஒரு துயரமும் இருக்கிறது. டிரினிட்டிக் கல்லூரியின் வாழ்வு பொது உணவுக்கூடத்தில் நிகழ்வது. அறிமுகங்களும் நட்புகளும் அந்த நீண்ட மேசைகளில்தான் உருவாயின. தன் உணவைக் காத்துக்கொண்டவர் அம்மேசையை இழந்தார்.

ஓவல்டின் நிகழ்ச்சியும் அவர் வரலாற்றில் சொல்லப்படுவது. இலண்டனில் அவர் தங்கிய விடுதியின் உரிமையாளரான அம்மையார், அவருடைய கட்டுப்பாட்டை அறிந்து, சைவமே என்ற நம்பிக்கையில் ஒரு குவளை ஓவல்டின் கொடுத்தார். அருந்திய பின் டப்பாவைப் படித்த இராமானுசன், அதில் முட்டை சேர்ந்திருப்பதைக் கண்டார். சுவிட்சர்லாந்தில் அதன் பெயரே ஓவோமால்ட்டின். முட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல் பெயரிலேயே இருந்தது. மூட்டை கட்டிக்கொண்டு உடனே வெளியேறினார். வழியில் குண்டுவீச்சில் சிக்கி, அதைத் தாம் செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனையாகவே கருதி அந்த அம்மையாருக்கு எழுதினார். குற்றம் எவரிடத்தும் இல்லை. அன்போடு நீட்டப்பட்ட குவளை அது. அயல்நாட்டில் ஆயத்த உணவு என்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று நாமே படித்துத் தெளிய வேண்டிய பொருளாகிவிடுகிறது.

1917 முதல் மருத்துவமனைகளிலேயே பெரும்பகுதி கழிந்தது. 1918 சூனில் அவரைக் கண்டு மூன்று நாள் உடனிருந்த தமிழ் நண்பர் ஒருவர், ஹார்டிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவருடைய உணவைப் பற்றியே மிகுதியாகக் கவலைப்பட்டார். 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் மறைந்தார். காசநோய் என்றனர் அக்கால மருத்துவர். ஈரலைத் தாக்கிய அமீபியத் தொற்றே காரணமாகலாம் என்றார் 1994-இல் ஆவணங்களை ஆராய்ந்த யங். ஆகவே சைவ உணவே அவரைக் கொன்றது என்னும் எளிய முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. கிடைக்காமையும் தனிமையும் அவரை நலியச் செய்தன என்பதை மறுக்கவும் இயலாது.

2001-இல் இந்திய அரசு, பொட்டலமிட்ட சைவ உணவுகள் மீது சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இட வேண்டும் என விதி செய்தது. அந்நிய நகரின் கடையொன்றில் அப்புள்ளியைக் கண்டு பொட்டலத்தைக் கூடையில் இடுபவருக்கு அது வெறும் அச்சுக்குறி. இராமானுசன் தம் வாழ்நாளில் பெறாத உறுதி அதில் அடங்கியிருக்கிறது: கேட்காமல் உண்ணலாம் என்னும் உறுதி.

1993-இல் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசனின் முயற்சியால் இராமானுசனுக்கு ஓர் அருங்காட்சியகம் இராயபுரத்தில் அமைந்தது. துறைமுகம் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அவருடைய சமன்பாடுகளைப் போற்றும் நாம், புளி கேட்டு எழுதிய கடிதத்தையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.