பொன்னோடு ஒரு பிணக்கு: மேனாட்டுக் கலையாபரணங்களின் சரித்திரம்

ஆபரணம் ஒன்றைக் கண்ட மாத்திரத்தில் அதன் எடை என்ன, மாற்று என்ன என்று வினவுவது உலக இயல்பு. செய்கூலியையும் சேதாரத்தையும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்து நகை வாங்கும் நம்மவர், முடை நேர்ந்து அதனை விற்கவோ அடகு வைக்கவோ செல்லும் நாளில், தட்டாரின் கைத்திறன் அத்தனையும் கணக்கிலிருந்து கழிந்துபோய்ப் பொன்னின் எடை ஒன்றே தராசில் நிற்பதைக் காண்கின்றனர். மேனாடுகளிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. அரசர்கள் போர்ச்செலவுக்காகவும் சீமாட்டிகள் நாகரிக மாற்றத்துக்காகவும் உருக்கி அழித்த நகைகள் எண்ணற்றவை. எனினும், விலை வேறு மதிப்பு வேறு என்று வாதாடிய ஒரு கைவினை மரபு அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முளைத்து, இருபதாம் நூற்றாண்டில் கிளைத்து, இன்று கலையாபரணம் என்ற பெயரோடு பொருட்காட்சிசாலைகளில் தனியிடம் பெற்றிருக்கிறது. அதன் வளர்ச்சியை எழுதுவோர் பெரும்பாலும் கையின் பெருமையைப் பாடுவதோடு நின்றுவிடுகின்றனர். கையால் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒரு நகைக்கு அர்த்தம் வந்துவிடுவதில்லை என்பதும், பொன்னின் விலைக்குப் பேச இடங்கொடாதபோதெல்லாம்தான் அந்நகைகள் எதையேனும் சொல்லத் தொடங்கின என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இப்பிணக்கின் முதற்குறி கைவினைஞரிடமிருந்து வந்ததன்று. ஒரு யுத்தத்திலிருந்து வந்தது. 1813-ஆம் ஆண்டில் நெப்போலியனை எதிர்த்துப் பிரஷ்ய தேசம் ஆயுதம் ஏந்தியபோது, அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசி மரியானா விடுத்த வேண்டுகோளின்படி அந்நாட்டுப் பெண்கள் தம் பொன்னகைகளைப் போர்நிதிக்கு அளித்து, அவற்றுக்கு ஈடாக இரும்பு மோதிரங்களையும் பதக்கங்களையும் பெற்றனர். பொன்னைக் கொடுத்து இரும்பைக் கொண்டேன் என்னும் கருத்துடைய வாசகம் அவற்றிற் பலவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது. 1804-இல் நிறுவப்பட்ட பெர்லின் அரசாங்க வார்ப்படசாலையில் மென்மணலில் வார்த்துக் கருமெருகு பூசிய அந்த இரும்பு வேலைப்பாடு சில இடங்களில் சரிகைப் பின்னலை நிகர்க்கும் நுட்பமுடையது. அக்காலத்தில் பொன்னணிந்து வெளியே வருவது வெட்கத்துக்குரியதாயிற்று. கழுத்திலே இரும்பு பூண்டவளே மானமுள்ளவள் எனப்பட்டாள். மதிப்பற்ற உலோகமும் ஒரு செய்தியைத் தாங்குமாயின் பொன்னை வென்றுவிடும் என்ற உண்மையை நகைத்தொழில் அப்போதே கற்றிருக்கலாம். யுத்தம் ஓய்ந்ததும் மறந்துவிட்டது.

அம்மறதி பாரிஸ் நகரத்தில்தான் கலைந்தது. 1900-ஆம் ஆண்டின் உலகப் பொருட்காட்சியிலே ரெனே லலீக் வைத்திருந்த ஆபரணங்கள் காண வந்தோரைத் திகைக்கச் செய்தன. வைரம் பதிப்பதே நகைத்தொழிலின் சிகரம் என்று எண்ணப்பட்ட நாளில், அவர் மாட்டுக்கொம்பையும் கண்ணாடியையும் ஒளி ஊடுருவும் எனாமலையும் பொன்னோடு சரியாசனத்தில் அமர்த்தினார். பெண்ணுடலும் தட்டாரப்பூச்சியின் சிறகும் கழுகின் நகமும் கலந்த அவருடைய மார்ப்பதக்கம், ஒரு சாணுக்கு மேல் அகலமுள்ளது. செல்வந்தரான கலூஸ்ட் குல்பென்கியானால் வாங்கப்பட்டு, இன்று லிஸ்பன் நகரில் அவர் பெயர் தாங்கிய பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. அதிலே வைரங்களும் உண்டு. ஆயினும் சிறகின் நரம்புகளில் ஒளி விட்டுக் கிடக்கும் அவற்றைத் தனியே எண்ணி விலை மதிப்பவர் எவருமிலர். அணிவதற்கு அது ஏற்றதா என்ற ஐயம் நியாயமானதே. குல்பென்கியானும் அதனை யார் மார்பிலும் பூட்டுவதற்காக வாங்கியதாகத் தோன்றவில்லை.

லலீக் செல்வர்களின் கைவினைஞர். அவர் காலத்திலேயே ஆங்கில நாட்டில் சார்ல்ஸ் ராபர்ட் ஆஷ்பீ என்ற சிற்பநூல் வல்லுநர் வேறொரு வழியை மேற்கொண்டார். யந்திரசாலைகள் மனிதனைச் சக்கரத்தின் ஒரு பல்லாக்கிவிட்டன என்று ரஸ்கினும் வில்லியம் மாரிஸும் செய்த போதனையில் ஊறிய அவர், 1888-ஆம் ஆண்டில் லண்டன் நகரின் ஏழைகள் வாழும் கிழக்குப் பகுதியில் கைத்தொழில் சங்கமொன்றை ஸ்தாபித்தார். அங்கே வேலை செய்தவருட் பலர் பரம்பரைத் தட்டார்கள் அல்லர். வேலையிலிருந்துகொண்டே வேலை பழகியவர்கள். பழைய இத்தாலியப் பொற்கொல்லன் செல்லினியின் தொழில்நூலை ஆஷ்பீ மொழிபெயர்த்து 1898-இல் வெளியிட்டதும் இப்பயிற்சியின் பொருட்டேயாம். சந்திரகாந்தம், நீலப்பச்சைக் கல், செவ்வந்திக் கல் முதலிய எளிய கற்களைப் பட்டை தீட்டாமல் உருட்டி மெருகிட்டு, சுத்தியல் பட்ட தழும்பு தெரியும் வெள்ளித் தகட்டிலே பதித்தனர். மயில் ஆஷ்பீக்கு மிக உவந்த உருவம். 1901-இல் அவர் வரைந்து சங்கத்தார் செய்த மயிற்பதக்கம் ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ளது. சிப்பியோடு ஒட்டி வளர்ந்த கோணல் முத்துக்களே அதன் தோகைக்கண்கள். முத்துவணிகன் கழித்தொதுக்கும் கோணலை, இறகின் வளைவுக்கு வாகாக இசைத்திருக்கும் நயம் கூர்ந்து நோக்கத்தக்கது.

1902-இல் சங்கத்தார் தம் குடும்பங்களோடு, ஏறத்தாழ 150 பேர், லண்டனை விட்டுக் கிளாஸ்டர்ஷைரிலுள்ள சிப்பிங் காம்ப்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, பழைய பட்டாலை ஒன்றில் பட்டறைகளை அமைத்தனர். நோக்கம் உயர்ந்தது, ஆனால் சந்தை தூரத்தே நின்றுவிட்டது. அதற்குள் லண்டன் ரீஜன்ட் தெருவிலிருந்த லிபர்ட்டி கடையார் 1899-இல் சிம்ரிக் என்ற பெயரால் வெள்ளி நகைகளையும் பாத்திரங்களையும் விற்கத் தொடங்கியிருந்தனர். அவை பர்மிங்ஹாம் நகரத்து ஹேஸ்லர் ஆலையில் அச்சிலிட்டு எடுக்கப்பட்டவை. சிலவற்றில் சுத்தியல் தழும்புகளும் அச்சிலேயே வெட்டப்பட்டிருந்தன! ஆஷ்பீயின் ஆட்கள் ஒவ்வொன்றாய்த் தட்டி உண்டாக்கிய அதே சின்னத்தை, ஒரு தட்டும் தட்டாமல் யந்திரம் உதிர்த்துத் தள்ளியது. வரைந்தவர் பெயரைக் கூறும் வழக்கமும் அக்கடைக்கு இல்லை. ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் போன்ற மேதைகளும் கடையின் பெயருக்குள் மறைந்துபோயினர். விலையில் போட்டியிட இயலாத ஆஷ்பீயின் ஸ்தாபனம் 1908-இல் கலைக்கப்பட்டது. கைத்தழும்பு கைக்குச் சாட்சியாகாது என்பது அன்றே நிரூபணமாயிற்று. பின்னாளில் கையால் செய்தது என்ற முத்திரையை விற்பனைச் சரக்காக்கிக் கொண்ட வியாபாரம் முழுவதற்கும் லிபர்ட்டியின் அந்த அச்சே மூலபுருஷன் என்று கூறினால் மிகையாகாது.

இவ்விடத்தே நமக்கு உறவான ஒருவர் இச்சரித்திரத்தில் புகுகிறார். கொழும்பிற் பிறந்தவரும், சர் முத்து குமாரசுவாமியின் புதல்வருமான ஆனந்த குமாரசுவாமி, இலங்கையில் கனிப்பொருள் ஆராய்ச்சி உத்தியோகத்தை முடித்துக்கொண்டு 1907-இல் தம் மனைவி எதெலுடன் சிப்பிங் காம்ப்டனை அடுத்த பிராட் காம்ப்டனில் குடியேறினார். அவ்வூரின் பழைய நார்மன் தேவாலயம் ஒன்றை இல்லமாக மாற்றி அமைத்துக் கொடுத்தவர் ஆஷ்பீயே. எதெலின் சகோதரர் பிரெட் பார்ட்ரிட்ஜோ, ஆஷ்பீயின் சங்கத்தில் நகைவேலை செய்தவர்; கொம்பைச் செதுக்கி ஆபரணமாக்குவதில் தேர்ந்தவர். கண்டிநாட்டுக் கைவினைகளை ஆராய்ந்து குமாரசுவாமி எழுதிய பெருநூல், வில்லியம் மாரிஸ் சாஸர் காவியத்தை அச்சிட்ட அதே அச்சுப்பொறியில், அவ்வில்லத்திலேயே 425 பிரதிகள் அச்சிடப்பட்டு 1908-இல் நிறைவெய்தியது. இந்தியக் கைவினைஞனைப் பற்றி மறுவருஷம் வெளிவந்த அவருடைய சிறுநூலுக்கு முகவுரை வரைந்தவரும் ஆஷ்பீயே.

இவ்வுறவு வெறும் அயலார் நட்பன்று. கண்டிநாட்டுத் தட்டான் அரசனுக்கோ கோயிலுக்கோ தொழில் செய்யும் கடமைக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தவன் என்பதைக் குமாரசுவாமி விரிவாக எடுத்துக்காட்டினார். விளைநிலம் உணவளிக்க, அவன் செய்த காப்பின் விலை அவன் வயிற்றைத் தீர்மானிக்கவில்லை. சங்கம் கலைந்த பின்னர் ஆஷ்பீயின் தோழர்களிற் சிலர், அமெரிக்க வணிகர் ஜோசப் பெல்ஸ் வாங்கி உதவிய நிலத்திலே சிறு பயிர்த்தொழில் செய்துகொண்டே கைவினையைத் தொடர முயன்றது, அறிந்தோ அறியாமலோ, கண்டிநாட்டு முறைமையின் நிழலாகவே எனக்குத் தோன்றுகிறது. சாதிக்கட்டும் அரசகட்டளையும் அம்முறைமையின் மறுபுறம் என்பதை ஆஷ்பீயும் குமாரசுவாமியும் போதிய அளவு நினைத்துப் பார்த்ததாகக் கூறுவதற்கில்லை. ஆயினும் வினா சரியான வினா: நகை செய்பவன் நகையின் விலையால்தான் வாழவேண்டுமென்றால், விலையை எதிர்த்து அவன் கை எவ்வளவு தூரம் பேசமுடியும்?

அமெரிக்கர்கள் இவ்வினாவை வேறு விதமாகக் கடந்தனர். அவர்களிற் பலருக்கு நகைவேலை ஜீவனோபாயமே அன்று. தொங்கும் சிற்பங்களால் பிரசித்தி பெற்ற அலெக்ஸாண்டர் கால்டர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 1800 நகைகளைப் பித்தளையிலும் வெள்ளிக் கம்பியிலும் செய்து, மனைவிக்கும் நண்பர்களுக்கும் அளித்துவந்தார். பற்றவைப்பதை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். கம்பியைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி, சுருட்டி, கொக்கியாக மடக்கி, அல்லது தறையாணி கொண்டு இணைத்தார். எவ்விடத்தில் எவ்வாறு மடக்கினார் என்பதை ஒரு பாலகனும் கண்டுகொள்ளலாம். 1942-இல் பெக்கி குகன்ஹைம் நியூயார்க்கில் தம் கலைக்கூடத்தைத் திறந்துவைத்த இரவில், அருவக் கலைக்கும் கனவியல் கலைக்கும் தாம் நடுநிலை வகிப்பதைப் புலப்படுத்த, ஒரு காதில் கால்டரின் தோட்டையும் மறு காதில் ஈவ் தாங்கியின் தோட்டையும் அணிந்து வந்தார். ஆபரணம் செல்வத்தைப் பறைசாற்றுவதை விடுத்து அபிப்பிராயத்தைப் பறைசாற்றத் தொடங்கியதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஜெர்மனியின் பவுஹவுஸ் கலைப்பள்ளியிலிருந்து அமெரிக்கா வந்த ஆன்னி ஆல்பர்ஸும் அவருடைய மாணவர் அலெக்ஸ் ரீடும் 1940-ஐ ஒட்டி இன்னும் ஓரடி முன்சென்றனர். மெக்சிகோவில் மோந்தே ஆல்பன் கல்லறையில் 1932-இல் கண்டெடுக்கப்பட்ட பழங்குடிப் பொக்கிஷத்தில் பொன்னும் சிப்பியும் பளிங்கும் உயர்வு தாழ்வின்றிக் கலந்திருந்ததைக் கண்டு வியந்த அவ்விருவரும், பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகட்டியைக் காகிதக் கிளிப்புகளாலான சங்கிலியிற் கோத்துப் பதக்கமாக்கினர். 1946-இல் நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியம் நவீனக் கைவேலை ஆபரணங்களுக்கென ஒரு கண்காட்சி நடத்தியபோது கால்டரின் கம்பியும் ஆல்பர்ஸின் வடிகட்டியும் ஒருசேர அங்கே இடம்பெற்றன. அதற்கு அடுத்த வருஷமே, வைரம் சாசுவதமானது என்ற விளம்பர வாசகத்தை டி பியர்ஸ் கம்பெனிக்காக ஒரு விளம்பர ஸ்தாபனம் எழுதியது. உலகம் எந்தப் பக்கம் சென்றது என்பது நாம் அறிந்ததே.

போருக்குப் பின் ஐரோப்பாவில் நிகழ்ந்தவற்றுள், 1961-இல் லண்டன் பொற்கொல்லர் மண்டபத்தில் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சியையும், அதே ஆண்டு ஜெர்மனியின் நகைத்தொழில் நகரமான போர்ட்ஸ்ஹைமில் ஆபரணங்களுக்கென்றே ஒரு மியூசியம் திறக்கப்பட்டதையும் குறிப்பிட்டு மேற்செல்லலாம். புரட்சி வந்தது ஹாலந்திலிருந்து. ஹைஸ் பாக்கரும் அவர் மனைவி எம்மி வான் லேர்சுமும் 1967-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்டெடலிக் மியூசியத்தில் அலுமினியக் கழுத்தணிகளை மங்கையர்க்கு அணிவித்து நடக்கச் செய்தனர். அவற்றுள் ஒன்று கணப்படுப்பின் புகைக்குழாய் வளைந்து தோளிலிருந்து கழுத்தைச் சுற்றியதுபோன்ற வடிவினது. பளபளவென்று ஒரே சீராக இருந்த அவ்வணிகளில் சுத்தியல் தழும்பைத் தேடினாலும் கிடைக்காது. ஆஷ்பீ இதனைக் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். எனினும் நல்ல வடிவம் எளியவர்க்கும் எட்டவேண்டும் என்ற அவருடைய ஆசையை அவரினும் நேராக நோக்கி நடந்தவர்கள் இவர்களே என்பது என் கருத்து. 1973-இல் பாக்கர், மெல்லிய பொற்கம்பியைக் கையிலே இறுகச் சுற்றி, சிறிது நேரங்கழித்து அதனை அகற்றி, தோலிற் பதிந்த தடத்தையே ஆபரணம் என்றார். பொன் தன் பணியை முடித்துவிட்டு விலகிக்கொள்ள, சில நிமிஷங்களில் மறையும் ஒரு கோடு எஞ்சியது. ஆஸ்திரியாவில் பேட்டர் ஸ்கூபிக் 1975-இல் ஓர் எஃகுத் துண்டைத் தம் முன்கையின் தோலுக்கடியில் வைத்துத் தைக்கச் செய்ததையும் இதனோடு சேர்த்துப் பேசுவர். அது நகையின் எல்லையைத் தத்துவத்தால் அளக்கும் முயற்சியே அன்றி நகையாகுமென்று ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை.

அர்த்தச் செறிவில் இவையனைத்தையும் விஞ்சி நிற்பவை, சூரிக் நகரிற் பிறந்து மியூனிக்கில் ஹெர்மன் யூங்கரிடம் பயின்ற ஓட்டோ கூன்ஸ்லியின் படைப்புக்கள். பொன் குருடாக்கும் என்ற பொருள்படும் பெயரோடு 1980-இல் அவர் செய்தது ஒரு கருநிற ரப்பர் வளையல். ஓரிடத்தில் மட்டும் சிறு புடைப்பு. அப்புடைப்புக்குள்ளே பொற்குண்டு ஒன்று இருக்கிறது. ரப்பரை அறுத்தாலன்றி அதனைக் காண முடியாது. அறுத்தாலோ வளையல் போயிற்று. உரைகல்லுக்கும் தராசுக்கும் அங்கே வேலையில்லை. வாங்கியவர் செய்தவனின் சொல்லை நம்பியாகவேண்டும். 1985, 86-ஆம் ஆண்டுகளில் அவர் பத்திரிகை விளம்பரம் மூலம் பலர் அணிந்து கழற்றிய பொன் மணமோதிரங்களைச் சேகரித்து, 48 மோதிரங்களை ஒன்றோடொன்று கோத்துக் கழுத்துச் சங்கிலியாக்கினார். பொன்னுக்குப் பொன், வேலைப்பாட்டிலும் குறையில்லை; ஆனால் மரணமோ மணமுறிவோ வறுமையோ ஒவ்வொன்றையும் விற்கத் தூண்டியிருக்க, அத்தனை குடும்பங்களின் கதையைக் கழுத்தில் ஏற்றிக்கொள்ள எவருக்குத் துணிவு வரும்? தாலிப்பொன்னை உருக்கத் தயங்குகிற நாட்டாருக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. இச்சங்கிலியில் கூன்ஸ்லியின் கை செய்தது மோதிரங்களைக் கோத்தது மட்டுமே. அர்த்தத்தைச் செய்தவர்கள் அவற்றை அணிந்திருந்தவர்கள்.

ஹாலந்தில் அதே வேளையில் பிணக்கு மீண்டும் மூண்டது. அறுபதுகளில் பாக்கரோடு ஒத்த நோக்கினராயிருந்து, பின்பு நகைத்தொழிலைக் கைவிட்டுச் சித்திரத்துக்குச் சென்ற ராபர்ட் ஸ்மிட், 1985-இல் பொன்னையே கையிலேந்தித் திரும்பிவந்து ஆம்ஸ்டர்டாமின் ரா கலைக்கூடத்தில் கண்காட்சி வைத்தார். பொன் வந்தால் அதனோடு அந்தஸ்தும் ஆடம்பரமும் பின்வாசல் வழியே நுழைந்துவிடும் என்று பாக்கர் வெளிப்படையாக எதிர்த்தார். ஸ்மிட்டோ ஓவியன் காகிதத்தைக் கையாளுவதுபோல் பொற்றகட்டைக் கீறியும் துளைத்தும் கசக்கியும் கையாண்டார். சந்தையைக் குறித்துப் பாக்கர் கூறியது முற்றும் உண்மை. அலுமினியக் கழுத்தணிகளே மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் அருமைப்பொருளாகி அமர்ந்துவிட்ட பின்பு பொன்னை மட்டும் குற்றங்கூறிப் பயனென்ன என்பதற்கு அவரிடம் விடையில்லை. 1990-இல் அவரே செய்த மார்ப்பூசி ஒன்றில் பிளாஸ்டிக் உறையிட்ட புகைப்படத்தில் ஒரு மனிதன் தண்ணீரைக் கொட்டுகிறான். அத்தண்ணீரின் துளிகளாக மெய்யான வைரங்களை அவர் பதித்திருந்தார்.