ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன்

1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணுக்கு வயிறு பெருத்து, நாள் கடந்தும் பிரசவம் ஆகவில்லை. மருத்துவர் எஃப்ரைம் மெக்டவல் சோதித்துவிட்டு, இது பிள்ளையல்ல, சினைப்பைக் கட்டி என்றார். அந்த வயிற்றோடு அவர் ஊருக்கு 60 மைல் குதிரையில் போய், மயக்க மருந்தே இல்லாத காலத்தில் 25 நிமிடம் கத்திக்குக் கிடந்தார் அந்த அம்மாள். எடுத்த கட்டி சுமார் 10 கிலோ. ஐந்தாம் நாள் மருத்துவர் போய்ப் பார்த்தபோது, தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாராம். அன்றைக்கு வயிறுதான் ரிப்போர்ட். இன்று வலியே இல்லாத பெண்கூட, சினைப்பையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்து, ‘ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்போம்’ என்று டாக்டர் சொன்னதை நினைத்துத் தூக்கம் தொலைக்கிறாள். இந்தக் கவலைக்கு வயது எழுபதுதான்.

அது பிறந்த இடம் கிளாஸ்கோ பக்கத்து பாய்லர் தொழிற்சாலை. 1955இல் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, அறுத்தெடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். இரும்பில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிடுவதற்கு மாட்டிறைச்சித் துண்டு ஒன்று. நீர்க்கட்டி ஒரு விதமாகவும் சதைக்கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன. 1958இல் அவர் குழு லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில், தீராத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்டு, ஸ்கேனில் வெறும் நீர்க்கட்டி என்று தெரிந்து பிழைத்த பெண்ணும் உண்டு. ஆக, ஸ்கேன் முதலில் கொண்டுவந்தது நிம்மதியைத்தான். சிக்கல், நோய் இல்லாதவரையும் அது பார்க்கத் தொடங்கியபோது வந்தது. மாதந்தோறும் முட்டைக்காக 2 செ.மீ. அளவுக்கு நீர்ப்பை வளர்வது சினைப்பையின் வழக்கம். அது உடையாமல் நின்றுவிட்டால் அதற்கும் கட்டி என்றே பெயர்.

புற்றுநோயாக இருந்தால் காத்திருப்பது ஆபத்தில்லையா, உடனே எடுத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்விதான், சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரிகிறது. ஆனால் முன்கூட்டியே தேடிப் பிடித்தால் சாவு குறையுமா என்று சோதித்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 55 முதல் 74 வயதுவரையான 78,216 பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுதோறும் ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். 2011இல் வெளியான முடிவு: சாவு குறையவில்லை. புற்றுநோய் இல்லாமலே 3,285 பேருக்குச் சந்தேகம் எழுந்தது. அதில் 1,080 பேர் அறுவைக்குப் போனார்கள். அவர்களில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு. சிஏ-125 புற்றுநோய் இல்லாமலும் ஏறும்: மாதவிலக்கிலும் ஏறும், எண்டோமெட்ரியோசிஸ் போன்ற புற்றல்லாத நோயிலும் ஏறும். எல்லாக் கட்டியையும் அப்படியே விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை: மாதவிலக்கு நின்றவருக்கோ, கட்டிக்குள் சதைப்பகுதி தெரிந்தாலோ, மருத்துவர் வேறு கணக்குப் போடுவார். சட்டென்று கடும் வலி வந்தால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஆறு வாரம் என்ற பேச்சே கிடையாது. மாதவிலக்கு நிற்காத பெண்ணின் 5 செ.மீ.க்குக் குறைந்த சாதாரண நீர்க்கட்டிக்கோ, பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் 2011 வழிகாட்டுதல்படி, பொதுவாக மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்கில் தானே வற்றிவிடும். இந்தப் புள்ளிவிவரத்தால் ராத்தூக்கம் வந்துவிடுமா என்றால், வராது. ஆனால் ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று சொல்லும் டாக்டர் கைகழுவுகிறார் என்று எண்ண வேண்டியதில்லை. அந்த 1,080 பேரின் அனுபவம் சொல்வதும் அதைத்தான்.