தென்காசி, குற்றாலம் வான்வழித் தொலைவுகள்

தென்காசியிலோ அதனை அடுத்துள்ள குற்றாலத்திலோ வானூர்தி நிலையம் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான பின்னரும், இங்குள்ளோர் திருவனந்தபுரம், தூத்துக்குடி, மதுரை ஆகிய நிலையங்களையே நாடுகின்றனர். இவற்றுள் அண்மையில் இருப்பது எது என்ற கேள்விக்கு நிலப்படம் ஒரு விடையும் சாலை வேறொரு விடையும் தருகின்றன.

நேர்த்தொலைவும் சாலைத் தொலைவும்

இரு இடங்களுக்கிடையேயான வான்வழித் தொலைவு, அவற்றின் அகலக்கோடு, நெடுங்கோடு ஆகியவற்றைக் கொண்டு புவியின் பெருவட்டத்தின் மீது கணக்கிடப்படுகின்றது. தென்காசி ஏறத்தாழ 8.96° வடக்கு, 77.31° கிழக்கில் அமைந்துள்ளது. இதன்படி திருவனந்தபுரம் வானூர்தி நிலையம் சுமார் 68 கிமீ, வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி நிலையம் சுமார் 83 கிமீ, மதுரை நிலையம் சுமார் 130 கிமீ தொலைவில் உள்ளன.

ஆயினும் திருவனந்தபுரத்திற்கும் தென்காசிக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கின்றது. செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய், தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியே வளைந்து செல்லும் சாலை 100 கிமீக்கு மேல் நீள்கின்றது. பயணத்திற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமாகும். திருநெல்வேலி வழியே சமவெளியில் செல்லும் வாகைக்குளம் சாலையோ சுமார் 90 கிமீ மட்டுமே. குற்றாலத்தில் அருவிகள் பெருகும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் மலைச்சாலையிலும் மழை மிகுதி. எனவே அப்பருவத்தில் வானூர்தியைப் பிடிக்கச் செல்வோர் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்வது வழக்கம்.

திருவனந்தபுரத்திலிருந்து டாட்டா நிறுவனத்தின் வானூர்தி முதன்முதலில் பறந்த 1935 ஆம் ஆண்டில், செங்கோட்டை திருவிதாங்கூர் அரசின் பகுதியாகவே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அவ்வூர் சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

வெளிநாட்டுப் பயணம்

கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தினர் நெடுங்காலமாகச் சிங்கப்பூருக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுள்ளனர். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சுமார் 2,950 கிமீ. சிங்கப்பூர் சுமார் 3,100 கிமீ. ஒன்று மேற்கே, மற்றொன்று கிழக்கே; பறக்கும் நேரம் இரண்டிற்கும் நான்கு மணியை ஒட்டியதே. கடிகாரம் மட்டும் வேறுபடுகின்றது. துபாய் இந்திய நேரத்திற்கு ஒன்றரை மணி பின்தங்கியது. சிங்கப்பூர் இரண்டரை மணி முந்தியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தால், துபாயில் உள்ளூர் நேரம் பகல் 12.30, சிங்கப்பூரில் மாலை 4.30. பயணச்சீட்டில் உள்ளூர் நேரமே அச்சிடப்படுவதால், இவ்வேறுபாட்டைக் கழிக்காமல் பயண நேரத்தைக் கணக்கிட இயலாது.

சென்னைக்கு

தூத்துக்குடியிலிருந்து சென்னை வான்வழியில் சுமார் 530 கிமீ. நெடுங்காலம் இந்நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,350 மீட்டர் நீளமே கொண்டிருந்ததால், சுழலி பொருத்திய சிறு வானூர்திகளே இறங்க முடிந்தது. மணிக்கு 500 கிமீ அளவில் பறக்கும் இவற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டு, புதிய முனையம் 2025 சூலை 26 அன்று திறக்கப்பட்டது.

வாகைக்குளத்திற்குச் செல்லும் இரண்டு மணி, நிலையத்தில் காத்திருக்கும் ஒரு மணிக்கு மேல், மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் செல்லும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால், தென்காசியிலிருந்து சென்னை செல்ல ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும். பொதிகை விரைவுத் தொடருந்து இதே பயணத்திற்கு ஓர் இரவு முழுவதையும் எடுத்துக்கொள்கின்றது. எனினும் அது தென்காசியிலேயே நின்று செல்கின்றது.